ராஜா சமாதியில் அப்பா செய்த சத்தியம்

சிவப்பு ஐசி என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் அது என்ன என்று கேட்கிறார்கள். நம் தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குடியுரிமை இருந்தவர்களுக்கு நீல அடையாள அட்டை, இல்லாதவர்களுக்குச் சிவப்பு. கோலாலம்பூரில் கலவரம் நடந்த மறுவருஷம், சிவப்பு அட்டைக்காரர்கள் வேலையில் நீடிக்க பெர்மிட் எடுக்க வேண்டும் என்று தோட்ட ஆபீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு நம் லயத்து வரிசை வீடுகள் எப்படிக் காலியாயின என்று நீங்களும் பார்த்தீர்கள். தகரப் பெட்டிகளுக்குப் பச்சைப் பெயிண்டு அடிக்கிற வாசனை வீட்டுக்கு வீடு வந்தது. பெட்டிமேல் வெள்ளை எழுத்தில் தமிழ்நாட்டு ஊர்ப் பெயரை எழுதி வெயிலில் காயவைத்திருப்பார்கள். ஆட்டையும் கோழியையும் விற்றார்கள். நாயை யார் வாங்குவார்கள்? அவை பூட்டிய வீட்டு வாசலில் படுத்துக் கிடந்தன.

என் வீட்டில் நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியும் பொய். இத்தனை வருஷம் அதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. போன மாதம் நடந்ததற்குப் பிறகு தோன்றுகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. தம்பிக்கு மூன்று. கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே பத்தாம் மைல் கட்டையில் இருந்த நம் தோட்டத்தில் ஆறாம் லயம் எங்களுடையது. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற கூடத்தில் அப்பாவுக்கு வேலை. இடது காதுமடலில் சின்ன வெட்டு உள்ளவர் என்றால் உங்களுக்குத் தெரியும். குளித்துவிட்டு வந்தாலும் அவர் கழுத்தோரத்தில் அந்தப் புகை நெடி இருக்கும். எனக்கு அது பிடிக்கும். அவர் மடியில் தலை வைத்துப் படுத்தால் வேறு வாசனை எதுவும் தெரியாது. ஜப்பான்காரன் போனபிறகு கப்பலேறி வந்தவர் அவர். அதனால் சிவப்பு அட்டை.

அம்மா உலு யாம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். நீல அட்டை. வேதக்காரக் குடும்பம். அங்கே கொஞ்ச நாள் வேலைக்கு வந்த அப்பாவை விரும்பி, மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதிலிருந்து அவள் வீட்டார் ஒருவரும் எங்கள் வாசலை மிதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில், அப்பா தூங்கும்போது, அம்மா பெட்டிக்கு அடியிலிருந்து ஜெபமாலையை எடுத்து அடுப்படியில் உட்கார்ந்து உருட்டுவாள். அப்பாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அவர் எவ்வளவு நல்லவர் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

பெர்மிட்டுக்கு எழுதிப் போட்ட பிறகு எல்லாரும் ராஜா சமாதிக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தார்கள். ஆற்றோரம், தோட்டத்து எல்லையில் இருந்த மேடு உங்களுக்கு நினைவிருக்கும். மலாய்க்காரர்கள் கெராமாட் என்பார்கள். நமக்கு ராஜா சமாதி. எந்த ஊர் ராஜா, என்ன பெயர் என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் நாடு கடத்திக் கொண்டுவந்து விட்ட ராஜா என்பது மட்டும் தெரியும். சொந்த நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவருக்குத்தான் நம் கஷ்டம் புரியும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மாரியம்மனுக்கு ஒரு தேங்காய், ராஜாவுக்கு ஒரு கட்டு பத்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னை மட்டும் சைக்கிளில் கூட்டிப்போனார். முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு உட்காரவைத்தார். அம்மா மஞ்சள் சோறு ஆக்கி வாழையிலையில் கட்டிக் கொடுத்திருந்தாள். சூடு என் மடியில் ஏறிக்கொண்டே வந்தது. ரப்பர் காடு முடிந்து செம்பனை வந்தது, செம்பனை முடிந்து ஆற்றுச்சேற்று வாடை வந்தது. நீர் வற்றியிருந்த நேரம். சேற்றில் சின்னச் சின்ன நண்டுகள் ஒரு கையை மட்டும் தூக்கித் தூக்கிக் காட்டின.

மேட்டின்மேல் வெள்ளைப் பூ உதிர்க்கிற மரம் ஒன்று. அதன் கீழே இரண்டு கல், தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. இரண்டுக்கும் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ராஜா என்றால் ஒரு மண்டபமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மலாய்க் கிழவரை நாம் எல்லாரும் தோக் என்போம். புல் செதுக்கிக்கொண்டிருந்தார். அப்பா சோற்றைக் கொடுத்ததும் கை கழுவி வந்து துஆ ஓதினார். பிறகு எங்களுக்கும் ஒரு கவளம் எடுத்துக் கொடுத்துத் தானும் சாப்பிட்டார். சாப்பிடும்போது அப்பாதான் ராஜாவைப் பற்றிக் கேட்டார். அப்பாவின் மலாய் சந்தை மலாய். தோக் அதற்குத் தகுந்த மாதிரி மெதுவாகப் பேசினார்.

"கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். திரும்பிப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் உத்தரவு. இந்த மேட்டிலேதான் வீடு கட்டிக்கொண்டார். இங்கே ஒரு கல்யாணம் செய்தார், பிள்ளைகள் பிறந்தன. வயதான பிறகு ஒரு கடிதம் வந்தது, இனிமேல் உன் நாட்டுக்குப் போகலாம் என்று."

"போனாரா?"

"போயிருந்தால் நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன்?" தோக் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "அங்கே அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இருந்ததா?"

"இருந்திருக்கும். ராஜா அல்லவா?"

"அவர்கள் என்ன ஆனார்கள்?"

தோக் கையிலிருந்த சோற்றைப் பார்த்தபடி யோசித்தார். "அது யாருக்குத் தெரியும்? அந்தக் கதையை இங்கே யாரும் சொல்லவில்லை."

அப்பா எழுந்து போய் சமாதி முன்னால் பத்தி கொளுத்தினார். நெடுநேரம் நின்றார். உதடு அசைந்ததே தவிர சத்தம் வரவில்லை. கடைசியில் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. "நெனச்சது நடந்துச்சுன்னா மஞ்சத் துணி வாங்கிச் சாத்தறேன்."

நினைத்தது பெர்மிட் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பார்?

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் கப்பலுக்குப் போயிருந்தார்கள். என்னோடு படித்த அவர்கள் மகள் தன் மர அளவுகோலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பள்ளிக்கூடச் சப்பாத்தை வீட்டிலேயே விட்டிருந்தாள். அங்கே சப்பாத்து போட மாட்டார்களாம். காலி வீட்டுக்குள் அந்த வெள்ளைச் சப்பாத்து இரண்டும் சுவர் ஓரமாக ஒட்டி நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குள் புகுந்த பயம் போகவேயில்லை.

"நீயும் போயிடுவியாப்பா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். என் கையைப் பிடித்து, குனிந்து, தலைமாட்டுக் கல்லின்மேல் வைத்தார். அதன்மேல் தன் கையை வைத்தார். வெயிலில் துணி சூடாக இருந்தது.

"போகமாட்டேன் பாப்பா. இந்த ராஜா சாட்சி. போதுமா?"

"போதும்."

"இங்க பேசினதை அம்மாகிட்ட சொல்லாத. வேண்டுதலை வெளிய சொன்னா பலிக்காது."

நான் சொல்லவில்லை. தோக்கிடம் அவர் என்ன கேட்டார் என்பதையும் சொல்லவில்லை. அதில் ஒரு வார்த்தை அம்மா காதில் விழுந்திருந்தால் விஷயம் அன்றைக்கே அவளுக்குப் பிடிபட்டிருக்கும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த ஒரு கேள்வி அவள் மனசின் மூலையில் கிடந்தது என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. பத்து வயதில் எனக்கு ரகசியம் ஒரு பரிசு மாதிரி இருந்தது. அப்பா எனக்கு மட்டும் கொடுத்தது.

ஆறேழு வாரம் கழித்து ஒரு நாள் ராத்திரி அப்பா ஆபீஸ் பக்கமிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை.

"கெடைக்கல" என்றார்.

அம்மா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எல்லாருக்கும் வந்துக்கிட்டு இருக்குன்னாங்களே?"

"எனக்கு வரல. கிராணி ஃபாரத்தை என்னமோ தப்பா எழுதிட்டாராம்."

அந்தக் கடைசி வரிதான் அடுத்த பன்னிரண்டு வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஆபீஸில் கணக்கும் ஃபாரமும் எழுதுகிற கிராணியாரை உங்களுக்கு நினைவிருக்கும். ஒல்லியாக, எப்போதும் சட்டைப் பையில் இரண்டு பேனா. யாரிடமும் அதிகம் பேச மாட்டார். அதனாலேயே நமக்கு அவரைப் பிடிக்காது. மறுநாள் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்குப் போய் நின்றாள். நானும் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போனேன். அவர் வெளியே வந்ததும் குனிந்து மண்ணை வாரி அவர் காலடியில் இறைத்தாள்.

"எம்புள்ளைங்க அப்பன் இல்லாம நிக்கப் போவுது. உன் வீடு வெளங்காது."

அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். செய்த தப்புக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். உங்கள் அம்மாக்களும் அங்கே நின்றார்கள்.

அவர் மகள் வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். நான் அவளுடைய வரைபடப் புத்தகத்தை எடுத்து, மலாயா படம் போட்டிருந்த பக்கத்தைக் கிழித்து, அவள் கண்ணெதிரிலேயே நாலாகக் கிழித்தேன். அவள் அழவில்லை, வாத்தியாரிடம் சொல்லவுமில்லை. மறுநாள் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அது பெரிய வெற்றியாக இருந்தது.

கப்பல் நாளன்று தோட்டத்து லோரியில் கிள்ளான் துறைமுகத்துக்குப் போனோம். அப்பாவின் பெட்டி மட்டும் சின்னது. மற்றவர்கள் அண்டா குண்டாவெல்லாம் கட்டியிருந்தார்கள். வீட்டில் பேசி முடித்திருந்தது, அப்பா ஆறே மாதத்தில் விசா வாங்கித் திரும்பி வருவார் என்று. துறைமுகக் கம்பி வேலியருகே அவர் தம்பியைத் தூக்கி முகர்ந்தார். அம்மாவிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் வந்தபோது நான் கேட்டேன்.

"ராஜா மேல சத்தியம் பண்ணினியேப்பா?"

அவர் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். "கவர்மெண்டு போன்னு சொன்னா ராஜாவே போய்த்தான் ஆவணும் பாப்பா. அவரையும் அப்படித்தானே இங்க கொண்டாந்து விட்டாங்க? நான் என்ன செய்யட்டும்?"

அந்தப் பதிலை நான் முழுசாக நம்பினேன். அவருக்காக அழுதேன். அவரைத் துரத்திய கவர்மெண்டையும் கிராணியாரையும் வெறுத்தேன்.

இரண்டு கடிதம் வந்தது. ஒன்று நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தேன் என்று. இன்னொன்று விசா தாமதமாகும் என்று. பிறகு ஒன்றும் இல்லை. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டி எங்களை வளர்த்தாள். ஒவ்வொரு வருஷமும் அப்பா போன மாதத்தில் மஞ்சள் சோறு ஆக்கிக்கொண்டு ராஜா சமாதிக்கு நடந்து போவாள். தோக் இறந்த பிறகு அவர் மகள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டாள். அவளிடம் அம்மா சொல்வாளாம், என் புருஷனையும் உங்கள் ராஜா மாதிரி நாடு கடத்திவிட்டார்கள் என்று.

எனக்கு இருபத்திரண்டு வயதில் கல்யாணம் நிச்சயமானது. பதிவு செய்யப் போன இடத்தில் தகப்பனார் எங்கே, என்ன ஆனார் என்று தாள் கேட்டார்கள். தோட்டம் அதற்குள் கைமாறியிருந்தது. பழைய பதிவு ஒன்றும் இல்லை. கிராணியார் ஓய்வு பெற்றுச் சபாக்கில் இருக்கிறார், அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். அம்மாவிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

அவர் தென்னைமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தது அவர் மகள்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பெர்மிட் கெடைக்காததால ஊருக்குப் போயிட்டாருன்னு ஒரு லெட்டர் வேணுங்கய்யா" என்றேன்.

பேனாவை எடுத்தார், எழுதவில்லை. "அப்படி எழுத முடியாதும்மா."

"ஏன்?"

"பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். இத்தனை வருஷம் வாயைத்தான் மூடிக்கிட்டிருந்தேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "உங்கப்பாவுக்குப் பெர்மிட் வந்துச்சு. நான்தான் கையில குடுத்தேன்."

நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் வார்த்தை பிசகாமல் இருக்கிறது.

"அன்னிக்குச் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாரு. ஊருல சம்சாரம் இருக்கு, ரெண்டு பையன் இருக்காங்க, அந்தம்மா படுத்த படுக்கையாயிடுச்சுன்னு மூத்தவன் எழுதியிருக்கான், நான் போவணும்னாரு. இங்க இருக்கறவங்களுக்கு நீ என்ன சொல்லப் போறேன்னு கேட்டேன். பெர்மிட் வரலைன்னு சொல்லிக்கறேன், நீங்க வாயைத் தெறக்காம இருந்தா போதும்னாரு."

"நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"ஒத்துக்கல. நீயே சொல்லிட்டுப் போடான்னேன். மறுநாள் உங்கம்மா வந்து மண்ணை வாரித் தூத்துனப்பதான் எம் பேரைச் சொல்லியிருக்கான்னே தெரிஞ்சுது. அப்பவே சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். கைப்புள்ளையோட நின்னுச்சு. கவர்மெண்டு புடுங்கிடுச்சுன்னு நெனச்சா அந்தக் கோவத்துலயே புள்ளைங்களை வளத்துடும். புருஷன் ஏமாத்திட்டான்னு தெரிஞ்சா ரப்பர் காட்டுல ஏதாவது செஞ்சுக்கும்னு பயந்தேன்."

அவரைக் கும்பிட்டிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. "அதை முடிவு பண்ண நீங்க யாருய்யா? பன்னெண்டு வருஷம் எங்கம்மா அந்தச் சமாதிக்கு நடந்துக்கிட்டு இருக்கா" என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தகப்பன் ஊரைவிட்டுப் போய்விட்டார், திரும்பவில்லை என்று மட்டும் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அதில் பொய் இல்லை.

புறப்படும்போது அவர் மகளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சமையல்கட்டில் பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அதைச் செய்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"யாரு சொன்னது?"

"கிராணியார்."

"அவன் வீட்டுல தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"அதான் அவன் பேச்சைப் பேசுற." அரிசித் தண்ணியைக் கொட்டினாள். மறுபடி தண்ணீர் ஊற்றினாள். "நான் உங்கப்பாவோட வந்தப்ப எங்க ஆளுங்க அத்தனை பேரும் வழியை மறிச்சு இதைத்தான் சொன்னாங்க. ஊருல அவனுக்குப் பொண்டாட்டி இருக்கும்டின்னு. எங்கம்மா என் காலைப் புடிச்சா. நான் நம்பல, தாண்டி வந்துட்டேன். இப்ப நான் பெத்த பொண்ணு வந்து அதையே சொல்லுது."

"உண்மைம்மா."

"உங்கப்பா அப்படிப்பட்டவர் இல்ல. நீதான் அப்பனை வித்துட்டு வந்திருக்க."

அதற்குமேல் அவள் பேசவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தாள், முன்வரிசையில் உட்கார்ந்தாள், தாலி கட்டும்போது வேறு பக்கம் பார்த்தாள். ஐந்து வருஷம் என் வீட்டுப் படியேறவில்லை. பிறகு பேரப்பிள்ளைகளுக்காக வந்தாள், போனாள், சிரித்தாள். ஆனால் உடம்பு முடியாமல் போனபோதுகூட மருத்துவ அட்டையைத் தம்பியிடம்தான் கொடுத்து வைத்தாள். என்னை நம்பி எதையும் ஒப்படைக்கவில்லை. தம்பிக்குச் சொல்லலாமா என்று பலமுறை நினைத்தேன். இன்னொருவரையும் இழக்க எனக்குத் தைரியம் இல்லை. போன வருஷம் அம்மா போனாள். கடைசி வாரத்தில், அவரைக் கவர்மெண்டு விடவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம்மா, ஆமாம்மா என்றேன்.

போன மாதம் நம் தோட்டத்து வாட்சப் குழுவில் ஒரு படம் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கிழவர், இடது காதுமடலில் சின்ன வெட்டு. இவர் இந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர், தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டு யாரோ அனுப்பியிருந்தார்கள். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். அரைநாள் குழுவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு யாரோ என் எண்ணைக் கொடுத்துவிட்டீர்கள். நான் யார் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதை என் தலையில் வைத்துவிட்டீர்கள்.

வந்தவருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். அப்பாவின் இரண்டாவது மகன். அவருடைய மகன் கோலாலம்பூரில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார், அவர்தான் காரில் கூட்டி வந்தார். பெரியவர் இறங்கி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நடையில் அப்பா அப்படியே இருந்தார்.

"எங்கப்பாவோட பழகின குடும்பம்னு சொன்னாங்கம்மா" என்றார்.

"பழக்கம் உண்டு" என்றேன்.

"ஆத்தோரம் ஒரு ராஜாவோட சமாதி இருக்காமே? அங்க போவணும்."

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புத் திட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். மேடு மட்டும் தப்பியிருக்கிறது. கம்பிவேலி போட்டு, மேலே துத்தநாகக் கூரை வேய்ந்திருக்கிறார்கள். தோக்கின் மகள் இன்னும் இருக்கிறாள், அவளும் கிழவியாகிவிட்டாள். என்னைக் கண்டதும் அம்மாவைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவருடைய மகன் காரிலேயே இருந்து போன் பேசிக்கொண்டிருந்தார்.

பெரியவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். புது மஞ்சள் துணி.

"அப்பா மலேயாவைப் பத்திப் பேசவே மாட்டாரு. சாகறதுக்கு முந்தி மட்டும் சொன்னாரு. அங்க ஒரு ராஜா சமாதியில வேண்டிக்கிட்டேன், எம்புள்ளைங்ககிட்ட கொண்டுபோய்ச் சேத்துடு, மஞ்சத் துணி சாத்தறேன்னு. சேத்துட்டாரு, நான்தான் செய்யாம வந்துட்டேன், நீ எப்பவாச்சும் போனா செஞ்சிடுன்னாரு. இப்பத்தான் எனக்குக் குடுத்து வச்சிருக்கு."

கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களைவிட்டுப் போவதற்குத்தான் அவர் வேண்டியிருக்கிறார். வேண்டி முடித்த கையோடுதான் என் கையை எடுத்து அந்தக் கல்மேல் வைத்திருக்கிறார்.

இந்த மனிதரிடம் எதுவும் சொல்லாமல் அனுப்பிவிடலாம். அவர் நிம்மதியாகத் துணி சாத்திவிட்டுப் போவார். ஆனால் சபாக்கில் அந்தத் தென்னைமரத்தடியில் நான் கேட்ட கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டேன். முடிவு பண்ண நான் யார்?

"அவர் என்னையும் இங்க கூட்டிட்டு வந்தாருங்க" என்றேன். "அன்னிக்கு எனக்குப் பத்து வயசு. அவர் எங்கப்பா."

அவர் துணியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு சிமெண்டுப் படியில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கிராணியார்வரை. அவர் கேட்டு முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் போனப்ப நான் கைக்கொழந்தை. எங்கம்மா இருபது வருஷம் காத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பா வந்து இறங்கறதுக்கு ரெண்டு மாசம் முந்திதான் போய்ச் சேந்தாங்க. இங்க தனியாக் கெடந்து எங்களுக்காகப் பாடுபட்டாருன்னுதான் நாங்க நெனச்சுக்கிட்டு இருந்தோம்." பிறகு, "உங்கம்மா இருக்காங்களா?" என்றார்.

"போன வருஷம் தவறிட்டாங்க."

அவர் எழுந்தார். சமாதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை நான் சாத்தலாமாம்மா?"

"வேணாம்ணே" என்றேன்.

அண்ணே என்று வந்துவிட்டது. அவர் துணியை அதன் மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். தோக்கின் மகள் ஏன் என்று மலாயில் கேட்டாள். இன்றைக்கு இல்லை என்றேன்.

அப்படியே காரில் ஏற்றி அனுப்ப மனம் வரவில்லை. பாசிர் பெனம்பாங்கில் நிறுத்தி மீன் வாங்கி, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சமைத்தேன். அவர் மகன் எதுவும் புரியாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்வதாக அண்ணன் சொன்னார். சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். மறுநாளே நான் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவன் இன்னும் என்னோடு பேசவில்லை.

சாப்பிட்டுக் கைகழுவி வந்த அண்ணன் சுவரில் மாலை போட்டிருந்த அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"இவங்களை நான் என்ன மொறை சொல்லணும்?" என்று கேட்டார்.

அதற்கு நம் வழக்கில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. கடைசி மூச்சுவரை அம்மா எதை ஒப்புக்கொள்ள மறுத்தாளோ அது முழுவதும் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"சின்னம்மா" என்றேன்.

அவர் கைகூப்பி அதை ஒருமுறை மெதுவாகச் சொன்னார். நான் அம்மாவின் படத்தைப் பார்க்கவில்லை.